சீனிப் பூவின் ஈரம்

சீனியிலே பூச்செய்யும் தொழில் வெளிப்பார்வைக்கு வர்ணத்தின் தொழிலாகவும் விரல் நளினத்தின் தொழிலாகவும் தோன்றினாலும், அதில் நெடுங்காலம் பழகியவர்களைக் கேட்டால், அது முழுக்க முழுக்க நீரின் சுபாவத்தை அறிந்து நடந்துகொள்ளும் தொழில் என்றே சொல்வார்கள். பிசைந்த சீனியில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது எந்தக் கணத்தில் இதழை விட்டுப் புறப்படுகிறது, புறப்பட்ட நீர் காற்றின் வழியே திரும்பி வந்து புகாதிருக்க என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை எவருடைய கையில் ஏறிவிட்டதோ அவருக்கு மற்ற நுட்பங்கள் யாவும் காலக்கிரமத்தில் வந்து சேரும். ஏறாதவருக்கு எத்தனை விலையுயர்ந்த அச்சுகளும் தூரிகைகளும் இருந்தாலும் பிரயோஜனம் சொற்பமே. கொழும்பின் கடற்காற்றில் இதைக் கற்று, லண்டனின் வறண்ட குளிர்கால அறைகளில் இதையே ஜீவனோபாயமாகக் கொண்டவள் நான். இரு காற்றுக்கும் ஒரே பூவைப் பழக்க வேண்டியிருந்ததால், நீரைப் பற்றிய இந்தப் பாடம் எனக்குச் சற்று அழுத்தமாகவே கிடைத்தது.

கம் பேஸ்ட் என்று நாங்கள் வழங்கும் அந்தப் பிசைபொருளில் சேர்பவை மிகச் சில: ஐசிங் சீனி, முட்டை வெள்ளைக்கரு, ஒரு பிசின், சிறிதளவு வெள்ளைத் தாவரக் கொழுப்பு. நிக்கலஸ் லாட்ஜ் என்னும் ஆசிரியர் பரவச் செய்த கணக்கைத்தான் இன்று உலகெங்கும் பலர் கைக்கொள்கிறார்கள்; அதன்படி 125 கிராம் வெள்ளைக்கருவுக்கு 900 கிராம் ஐசிங் சீனி, 36 கிராம் வரை டைலோஸ் என்னும் பிசின், 20 கிராம் கொழுப்பு. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர். சாதாரண அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைத்தான் கரைக்கும். ஆகவே நாம் போடும் சீனியில் நாலில் ஒரு பங்கே கரைந்து தடித்த பாகாகிறது. எஞ்சிய முக்கால் பங்கும் கரையாத நுண்பொடியாகவே நின்று அந்தப் பாகினால் ஒட்டிப் பிடிக்கப்படுகிறது. பாகை அறுபடாமல் இழுபடச் செய்வது பிசினின் கடமை; விரலில் ஒட்டாமலும் மேற்பரப்பு சட்டென்று காய்ந்துவிடாமலும் காப்பது கொழுப்பின் கடமை. பிசைந்து முடித்தவுடனே அதை உபயோகிக்கக்கூடாது. இறுகச் சுற்றிக் குளிர்பெட்டியில் ஓரிரவாவது வைத்தால்தான் பிசின் நீரைச் சமமாக உள்வாங்கி, பேஸ்ட் ஒரு நிதானத்துக்கு வரும். இந்த ஓரிரவைப் பொறுக்க மாட்டாதவர்கள் மறுநாள் இதழ் ஓரத்தில் வெடிப்பைக் கண்டு சீனியைக் குறை சொல்வது வழக்கம்.

இந்தப் பிசினுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஈரானிலும் துருக்கியிலும் மலைச்சரிவுகளில் வளரும் முட்புதர்ச் செடி ஒன்றின் வேரைக் கீறினால் கசிந்து உறையும் டிரகாகாந்த் என்ற பிசினே ஐரோப்பாவின் பழைய சீனிச் சிற்பங்களுக்கெல்லாம் ஆதாரம். 1555இல் வெனிஸ் நகரில் வெளிவந்த, அலெக்ஸிஸ் என்பவர் பேரால் வழங்கும் இரகசியங்களின் நூலிலேயே, அந்தப் பிசினைப் பன்னீரில் ஊறவைத்துச் சீனியோடு பிசைந்து தட்டும் கிண்ணமும் கனிகளும் செய்து, விருந்து முடிந்தபின் தட்டையும் கிண்ணத்தையும் உண்டுவிடலாம் என்ற செய்முறை இருக்கிறது. 1574இல் பிரான்ஸ் மன்னன் மூன்றாம் ஹென்றி வெனிஸுக்கு வந்தபோது, அவனுக்கு இட்ட விருந்தில் கைத்துண்டுகூடச் சீனியினால் ஆனது என்றும், அவன் அதை எடுத்தபோது கையிலேயே முறிந்தது என்றும் சொல்லப்படுகிறது. முறிந்தது என்ற அந்த விவரந்தான் எனக்கு விசேஷமாகப் படுகிறது; நீர் முற்றாக வெளியேறிய சீனிக்கு அதுவே லட்சணம், வெனிஸ் மாஸ்டர் தம் வேலையைச் செம்மையாகச் செய்திருக்கிறார். டிரகாகாந்த் ஊறுவதற்கு ஒரு முழுநாள் கேட்கும், விலையும் அதிகம். முதல் உலகப்போரின் கடைசி ஆண்டான 1918இல் ஜெர்மனியில் தாவர நாரிலிருந்து ரசாயன முறையில் செய்யப்பட்ட ஒரு பிசின், பிற்காலத்தில் டைலோஸ் என்ற பெயரில் எங்கள் தொழிலுக்குள் வந்து, பழைய பிசினின் ஸ்தானத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. நான் கற்ற காலத்தில் ஆசிரியையின் அலமாரியில் இரண்டும் அருகருகே இருந்தன.

அவர் கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கிப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருந்தார். நாங்கள் ரீச்சர் என்றே அழைப்போம். இலங்கையில் கலியாண கேக் என்பது வந்தவர்கள் கூடியிருந்து வெட்டி உண்ணும் பண்டம் அன்று. ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் இஞ்சிப் பாகும் பிராண்டியில் ஊறிய முந்திரிவற்றலும் சேர்ந்த அந்தக் கனத்த கேக்கைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சிறு பெட்டியிலிட்டு விருந்தினர் கையில் கொடுத்தனுப்புவதே சம்பிரதாயம். மேடையில் நிற்கும் அடுக்குக் கோபுரம் அநேகமாக ரிஜிபோம் என்னும் நுரைப்பலகையின்மேல் ஐசிங் பூசியது. அந்தக் கோபுரத்துக்கு உயிர் கொடுப்பவை சீனிப் பூக்களே. ஆகையால் கொழும்பில் மத்தியதர வீட்டுப் பெண்கள் பலர் தையலையும் பூவேலையையும் போல இதையும் சிரத்தையாகப் பயின்றார்கள்; நல்ல கைவன்மை உள்ளவர்கள் வீட்டிலிருந்தே சம்பாதித்தார்கள்.

ரீச்சர் எங்களுக்கு முதலில் கற்பித்தது இதழ் வெட்டுவதை அன்று, காற்றைக் கவனிப்பதை. சீனித் துகளுக்கு ஓர் எல்லை உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கொழும்பில் விடியற்காலையிலும் மழைநாளிலும் ஈரப்பதம் அந்த எல்லையைத் தொடுவதும் கடப்பதும் சாதாரணம். குளுக்கோஸ், தேன் முதலியவற்றுக்கு எல்லை இன்னும் தாழ்ந்தது. அவை அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை வாங்கும். ஆங்கிலப் புத்தகங்களில் பேஸ்ட் மிருதுவாக இருக்கக் குளுக்கோஸ் பாகு சேர்க்கச் சொல்லியிருந்தாலும், ரீச்சர் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு டைலோஸைச் சற்றுக் கூட்டிப் போடுவார். அன்று அதற்கு விஞ்ஞான விளக்கம் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கையனுபவத்தால் அவர் கண்ட முடிவு இரசாயனத்துக்கு அணுவளவும் விரோதமில்லை என்று பின்னர் படித்தறிந்தபோது அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு பன்மடங்காயிற்று. உலர்ந்த பூக்களை மின்குமிழ் எரியும் ஒரு மரப் பெட்டியில் வைத்திருப்பார். யாராவது ஆவலோடு அதைத் திறக்கப் போனால், "மழை நாளிலை பெட்டியைத் திறவாதை பிள்ளை, பூ தண்ணி குடிச்சுப்போடும்" என்பார். அப்படிக் குடித்த பூவின் இதழ்கள் முதலில் ஒரு மினுக்கம் காட்டும், பிறகு மெல்லச் சாயும், பிறகு கம்பியை விட்டு வழுவும்.

லண்டனில் நிலைமை தலைகீழ். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் போது அறைக்காற்றின் ஈரம் வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது. கொழும்பில் அவசரமில்லாமல் உருவம் கொடுக்க அவகாசம் தந்த அதே பேஸ்ட், இங்கே இதழை வெட்டியெடுத்து ஓரத்தை மெலிதாக்குமுன்பே மேலே ஒரு தோல் கட்டிவிடுகிறது. அந்தத் தோலோடு மடித்தால் ஓரம் நூறு சிறு விரிசலாகப் பிளக்கும். ஆகவே இங்கே டைலோஸைக் குறைத்துக் கொழுப்பைச் சிறிது கூட்டுகிறேன்; வெட்டிய இதழ்களைப் பிளாஸ்டிக் தாளின் கீழ் மூடிவைத்து ஒவ்வொன்றாகவே வெளியில் எடுக்கிறேன்; ஒரே தடவையில் பல இதழ் வெட்டிப் பரப்பும் பழக்கத்தை முற்றாக விட்டுவிட்டேன். ஒரு செய்முறையை ஊருக்கு ஊர் அப்படியே கொண்டுபோக முடியாது. கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை அழுத்திச் சொல்லாதது பெரிய குறை என்பது என் அபிப்பிராயம். கணக்கு என்பது ஒரு தொடக்கம். அன்றைய காற்று என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

ரோஜாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தொழிலில் கேட்கப்படும் பூக்களில் அதுவே பிரதானம், கற்றுக்கொடுக்கும் விஷயமும் அதில்தான் மிகுதி. முதல்நாளே பேஸ்டைச் சிறு கூம்பாக உருட்டிக் கொக்கிபோல் வளைத்த கம்பியின் நுனியில் ஏற்றிக் காயவிட வேண்டும். கம்பியின் எண் ஏற ஏறக் கனம் குறையும். ரோஜாவுக்கு 18 அல்லது 20, இலைக்கு 26, மகரந்தத் தாளுக்கு 33. கூம்பின் உயரம் இதழ் வெட்டியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் பின்னர் எந்த வித்தையாலும் அதன் நுனியை மறைக்க முடியாது. மறுநாள் பேஸ்டைப் பலகையில் பரத்தி, அடியிலுள்ள எழுத்துத் தெரியும் அளவுக்கு மெலிதாக்கி, இதழை வெட்டி, மெத்தைபோன்ற தக்கையின்மேல் வைத்துக் குண்டுக் கருவியால் ஓரத்தை மாத்திரம் பாதி உள்ளும் பாதி வெளியுமாக அழுத்தி ஓட்ட வேண்டும். அப்பத்தைப்போல் ஓரம் மெலிந்தும் நடு தடித்தும் இருப்பதே இதழின் இலட்சணம்; அடி தடித்திருந்தால்தான் அது கூம்பைப் பற்றி நிற்கும், ஓரம் மெலிந்திருந்தால்தான் ஒளி அதனூடே புகும்.

முதல் இதழ் கூம்பின் நுனி சற்றும் தெரியாதபடி இறுகச் சுற்றிக்கொள்ளும். அடுத்து மூன்று இதழ்கள், ஒன்றின் ஓரத்துக்குள் மற்றொன்று செருகப்பட்டுச் சுழல்வதாக, மீண்டும் மூன்று, அதன்பின் ஐந்து, இவற்றின் ஓரங்களை ஒரு பல்குச்சியால் வெளிப்புறமாகச் சுருட்டி. உள்ளடுக்குகளை ஒட்டியதும் பூவைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஈரமிருக்கும்வரை இதழின் பாரமே அதை விரித்துக் கெடுத்துவிடும். வெளியடுக்கு இதழ்களையோ தனியே ஒரு கரண்டியின் குழியிலிட்டு, அரைகுறையாக உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் வளையாது, காயாதிருந்தால் நிற்காது. இந்த அரை உலர்வை எந்தக் கடிகாரமும் அளந்து சொல்லாது. விரலின் நகக்கண்ணால் இதழின் அடியைத் தொட்டுப் பார்த்தால், மேலே குளிர்ச்சி போய் உள்ளே இன்னும் ஓர் இணக்கம் இருப்பது தெரியும், அதுவே வேளை. ஒரு ரோஜாவைப் பார்த்து, இன்னாருடைய கை என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்லிவிடுவது பெரும்பாலும் இந்த வெளியடுக்கை வைத்துத்தான்.

இனிப் புல்லிவட்டம். ரோஜாவின் அடியில் ஐந்து பச்சை இதழ்கள் உண்டு என்பது யாவருக்கும் தெரியும். அவை ஐந்தும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனித்தவர் சிலரே. தோட்டத்து ரோஜா மொட்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு புல்லிகளுக்கு இருபுறமும் இழைபோன்ற தாடி இருக்கும், இரண்டுக்கு எந்தப் புறமும் இராது, ஐந்தாவதற்கு ஒருபுறம் மட்டுமே இருக்கும். மொட்டாக மூடியிருக்கையில் இவை ஒன்றன்மேல் ஒன்று படிந்த கிரமமே இதற்குக் காரணம்: வெளியே இருந்த ஓரத்துக்குத் தாடி முளைக்க இடமிருந்தது, அடுத்த புல்லியின் கீழ் மறைந்த ஓரத்துக்கு இல்லை. ஐரோப்பாவில் இதை ஐந்து சகோதரர்களின் விடுகதையாகப் பழங்காலத்திலேயே லத்தீனில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் சிறு கத்தரிக்கோலால் இரண்டு புல்லிகளுக்கு இருபுறமும், ஒன்றுக்கு ஒருபுறமும் மெல்லிய வெட்டுகள் இட்டு, மற்ற இரண்டையும் அப்படியே விடுகிறேன். கேக்கின்மேல் பூ அமர்ந்தபின் அதை ஒருவரும் காணப்போவதில்லை. இருந்தாலும், செடி தன் மொட்டை மடித்த விதத்தை மதித்துச் செய்த பூவுக்கு ஒரு நிலைத்தன்மை வருகிறது. அதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

இந்த நம்பிக்கையினால்தான், முழு ரோஜாவையே ஒரே அழுத்தில் பிதுக்கித் தரும் சிலிக்கோன் அச்சுகளை நான் என் மேசையில் அனுமதிப்பதில்லை. உண்மையான இதழிலிருந்து படியெடுத்த நரம்பச்சு வேறு விஷயம். அது கண்ணுக்குத் துணை, கைக்குப் பதிலி அன்று. அச்சிலிருந்து வரும் ரோஜாவிலோ எல்லா இதழ்களுக்கும் ஒரே வயது. இயற்கையில் உள்ளிதழ் பிறந்த குழந்தையாகவும் வெளியிதழ் வெயில் கண்ட முதியவளாகவும் ஒரே பூவில் வாழ்கின்றன. என்னிடம் கற்க வரும் பெண்களுக்கு முதல் வேலையாக உண்மையான பூ ஒன்றைக் கொடுத்து, இதழ் இதழாகக் கழற்றி, வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டச் சொல்கிறேன். அந்தத் தாளை விடச் சிறந்த பாடநூல் இத்தொழிலில் இல்லை. 2011இல் இளவரசர் வில்லியமின் திருமணத்துக்கு ஃபியோனா கெய்ர்ன்ஸ் செய்த எட்டடுக்குக் கேக்கில் 17 வகையில் ஏறக்குறைய 900 சீனிப் பூக்கள் இருந்தன. இங்கிலாந்தின் ரோஜாவும் ஸ்கொட்லாந்தின் முட்பூவும் வேல்ஸின் டாஃபடிலும் அயர்லாந்தின் மூவிலைச் செடியும் அவற்றில் அடக்கம். எண்ணிக்கையைக் கண்டு வியந்தவர்கள் பலர். என்னைக் கவர்ந்தது, எல்லாம் வெண்மையும் தந்த வர்ணமுமாகவே இருந்தும் ஒவ்வொரு பூவும் வடிவத்தாலேயே இன்னதென்று அடையாளம் தெரிந்ததாகும்.

லண்டனில் உள்ள எங்கள் பிள்ளைகள் கலியாணத்துக்குக் கார்த்திகைப்பூவைக் கேட்கிறார்கள்; தமிழ்நாட்டில் செங்காந்தள் என்று மாநில மலராகப் போற்றப்படுவதும் அதுவே. செய்வதற்கு அரிய பூ. ஆறு இதழ்கள், அலையலையான ஓரம், பின்னோக்கி மேலே வளைந்து சுடர்போல் எழும் தோற்றம். ஆறு மகரந்தத் தாள்கள் ஆரக்கால்களாக நாற்புறமும் நீளும். சூல்தண்டோ அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி ஒருபக்கமாகச் செல்லும். அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டால் என்ன வர்ணம் தீட்டினாலும் அது கார்த்திகைப்பூ ஆகாது. ஒவ்வொரு இதழுக்குள்ளும் 28ஆம் எண் கம்பி ஒன்றைச் செலுத்தி, வளைந்த தகட்டில் தனித்தனியே உலர்த்தி, அடியில் பசுமஞ்சளும் மேலே செம்மையும் பொடிவர்ணத்தால் ஏற்றி, பிறகே சேர்த்துக் கட்டுகிறேன். பூ மலரும்போது பச்சையோடிய மஞ்சளாக இருந்து முதிர முதிரச் சிவப்பது ஆகையால், ஒரு கொத்தில் இளசும் முதிர்ந்ததும் கலந்தே இருக்க வேண்டும்.

இந்தப் பூவைச் சீனியில் செய்வதற்கு அழகைத் தவிர இன்னொரு நியாயமும் இருக்கிறது. கார்த்திகைச் செடியில் கிழங்கு முதல் பூ வரை கோல்சிசின் என்ற கடும் விஷம் உண்டு. உண்மைப் பூவை உண்ணும் பண்டத்தின்மேல் ஒரு கணமும் வைக்கலாகாது. நம் வீட்டு அரளியும், ஆங்கிலேய மணப்பெண்கள் பெரிதும் விரும்பும் பள்ளத்தாக்கு லில்லியும் அப்படியே. கேக்கில் நேரடியாகப் புதுப்பூவைச் செருகும் மோகம் இப்போது அதிகமாகி வருவதைக் காண்கையில் எனக்குக் கவலையாக இருக்கிறது. விஷமில்லாத பூவுக்குங்கூடக் கடைக்காரர் என்ன மருந்து தெளித்தார் என்று நமக்குத் தெரியாது.

ஆனால் சீனிப் பூவைப் பற்றியும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உண்ணத்தக்கது என்று விளம்பரத்தில் அடித்துச் சொல்லப்படும் பூக்களில் பலவற்றை அப்படியே வாயிலிட முடியாது. இதழ் சீனிதான், உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது, காம்பில் மெழுகூட்டிய நாடா இருக்கிறது, மகரந்தத் தாள் அநேகமாக நூல். பொடிவர்ணங்களிலும் உணவுக்கானவை வேறு, விஷமற்றவை என்று மாத்திரம் எழுதப்பட்டவை வேறு. பின்னவை அலங்காரத்துக்கே உரியவை. வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடைசெய்தது. பெரிய பிரித்தானியா அத்தடையைப் பின்பற்றவில்லை. நான் அதையும் விலக்கிவிட்டேன், சற்று மங்கலான வெண்மை ஒரு பூவுக்குக் குறையன்று. கம்பியைக் கேக்குக்குள் நேரே குத்தாமல், அதற்கென்றுள்ள சிறு குழாயைச் செருகி அதற்குள்ளேதான் நிறுத்துகிறேன். முட்டைக்கும் கிருமிநீக்கிய வெள்ளைக்கருவே உபயோகம். கொத்தின் அடியில், கம்பியே இல்லாமல் விரலால் மட்டும் வடித்த மல்லிகை போன்ற சிறு பூக்களை எப்போதும் தூவி வைக்கிறேன். மண்டபத்தில் குழந்தைகளின் கை முதலில் போவது அங்கேதான், அவை முழுமையாகச் சீனி.

வர்ணம் தீட்டி முடித்த பூ பொடி படிந்த தோற்றத்தோடு இருக்கும். கொதிக்கும் கேத்தலின் ஆவியில் அதைச் சில விநாடி காட்டினால் பொடி இதழோடு ஒன்றி உயிர்ப்பு வரும். எந்த நீரைத் துரத்தப் பாடுபட்டோமோ அதையே இறுதியில் ஓர் அணுவளவு திரும்ப அழைக்கிறோம். கொஞ்சம் அதிகமானால் சீனி கரைந்து மினுங்கி ஒட்டும். இலைகளுக்கு மினுக்கம் வேண்டும், அதற்கு அரக்கைச் சாராயத்தில் கரைத்த மெருகு. இந்தியக் காடுகளில் சிறுபூச்சி ஒன்று மரக்கிளையில் கட்டும் அரக்கே அது. அந்த மெருகு ஈரத்தையும் ஓரளவு தடுக்கும்.

கேக்கைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மண்டபத்தில் வைத்தவுடன் அதன்மேல் நுண்துளிகள் அரும்புவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பூ அப்போது மேலே இருந்தால் அத்தனை நாள் உழைப்பும் அரைமணியில் சாய்ந்துவிடும். ஆகையால் பூக்களைக் கேக்கோடு அனுப்ப நான் சம்மதிப்பதில்லை. தனிப் பெட்டிகளில் பஞ்சிட்டுக் கொண்டுபோய், கேக் மண்டபத்து வெப்பத்துக்கு வந்து அதன் வியர்வை அடங்கியபின், விருந்தினர் வருவதற்கு முன்பாக அங்கேயே அடுக்குகிறேன். கலியாணம் முடிந்து கொத்தைப் பத்திரப்படுத்த விரும்பும் தாய்மாருக்கு, இறுக மூடும் கண்ணாடிப் பேழையையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும், வெயில் படாத அலமாரியையும் சொல்லி அனுப்புகிறேன். பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன்பு மாற்ற வேண்டும், ரோஜா நிறம்தான் முதலில் வெளிறும், மஞ்சளும் பச்சையும் சற்றுக் கூடுதலாக நிற்கும்.